குளிக்கும் நீரில் வேலியில்லாத இயந்திரம்

கொல்லிமலை அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் இருப்பவனுக்குக் கடற்கரைப் படகைப் பற்றி என்ன கவலை? சிலர் இப்படிக் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே செல்வோம்.

வருஷம் முழுவதும் குச்சிக்கிழங்குக் காட்டிலும், சேகோ ஆலையிலும், நூல் மில்லிலும் பாடுபடும் நம் ஜனங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நாள் சொற்பம். ஆடிப் பதினெட்டுக்கு மலையேறி ஆகாய கங்கையில் குளிக்கிறோம். வாசலூர்பட்டிப் படகுத் துறையில் குழந்தைகளைப் படகேற்றி மகிழ்கிறோம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால், நாலைந்து குடும்பம் கூடிப் பணம் போட்டு, வேன் பிடித்து வேளாங்கண்ணிக்கோ ராமேஸ்வரத்துக்கோ கன்னியாகுமரிக்கோ போகிறோம். கடலைக் கண்ட பிறகு காலை நனைக்காமல் திரும்புகிறவர் நம்மில் யார் இருக்கிறார்கள்?

நம் பையன்கள் கிணற்றில் நீந்தக் கற்றவர்கள். கிணற்றில் ஆழம் ஒன்றுதான் ஆபத்து. கடற்கரையில் அப்படியல்ல. நீந்துகிறவன் இருக்கும் அதே நீரில் இயந்திரமும் ஓடுகிறது. வாடகைப் படகு ஆளை இறக்கக் கரைக்கு வருகிறது. அடுத்த கும்பலை ஏற்றிக்கொண்டு திரும்பப் பாய்கிறது. இந்த ஆபத்தை எந்தக் கிணறும் நமக்குக் கற்றுத் தரவில்லை. ஆகவே இது நம் விஷயம்தான்.

மில்லில் ஒரு நியாயம், கடலில் ஒரு நியாயமா?

சுழலும் சக்கரம் எவ்வளவு பொல்லாதது என்று மில் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஓடும் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களைச் சுற்றி உறுதியான வேலி இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டத்தின் 21வது பிரிவு விதித்தது. இது முதலாளிகள் மனமிரங்கித் தந்த பரிசல்ல. விரலையும் கையையும் இழந்த தொழிலாளர்கள் பல தேசங்களில் தலைமுறை தலைமுறையாகப் போராடியதன் பலன். வேலி என்ற சொல் சட்டத்தில் ஏறும்வரை முதலாளிகள் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: "தொழிலாளியின் அஜாக்கிரதை!"

விசைப்படகின் அடியிலும் ஓர் இரும்பு விசிறி சுழல்கிறது. பெரும்பாலான படகுகளில் அதைச் சுற்றிக் கூண்டு கிடையாது. அது சுழலும் நீரில்தான் வெறும் உடம்போடு, குழந்தை குட்டிகளோடு நூற்றுக்கணக்கான பேர் நிற்கிறார்கள். ஒரு மில்லில் இப்படி நடந்தால் இன்ஸ்பெக்டர் என்ன சொல்லுவார்? கடற்கரையில் மட்டும் இதற்கு உல்லாசம் என்று பெயர்!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் படகு ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 100 மீட்டரை ஒன்பதே நொடியில் தாண்டிவிடும். நீந்துகிறவனுடைய தலை மட்டுமே நீருக்கு மேல் தெரிகிறது, ஒரு தேங்காய் அளவு. வேகமெடுக்கும்போது படகின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு, ஓட்டுகிறவனின் பார்வையை மறைக்கிறது. எதிர் வெயிலில் நீர் பளபளக்கிறது. அலை எழும்பினால் தலையும் மறைந்துவிடுகிறது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், இந்த நிலையில் அவன் கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. வேகத்தைக் குறைப்பதும், குளிக்கும் இடத்தையும் படகு ஓடும் இடத்தையும் பிரித்து வைப்பதும்தான் காப்பு.

இது முடியாத காரியமல்ல. பிரான்சில் கரையிலிருந்து 300 மீட்டருக்குள் 5 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. 5 நாட் என்பது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர், சைக்கிள் வேகத்தை விடக் குறைவு. நியூசிலாந்தில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், நீந்துகிறவரிடமிருந்து 50 மீட்டருக்குள்ளும் அதே விதி. மிதவைகளைக் கயிற்றில் கோத்துக் கட்டினால் குளிக்கும் இடத்துக்கு எல்லை கிடைத்துவிடுகிறது. இதற்கு எத்தனை கோடி செலவாகிவிடும்?

கூலிக்காரன் தலையில் பழி

விதி எழுதினால் மட்டும் போதுமா? போதாது. மெக்சிகோவில் நடந்ததைக் கேளுங்கள்.

பிரிட்டனில் தொழிலாளர்களைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடியவர் ஈவன் மக்கால். அவருடைய மகள் கிர்ஸ்டி மக்காலும் பேர்பெற்ற பாடகி. 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோசுமெல் தீவுக் கடலில் தம் இரண்டு மகன்களோடு அவர் நீரில் மூழ்கிப் பவளப் பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசைப்படகு நுழையக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட பகுதி அது. அவர்கள் நீர்மட்டத்துக்கு வந்தபோது ஒரு விசைப்படகு பாய்ந்து வந்தது. மகனைத் தள்ளிக் காப்பாற்றிய அந்தத் தாய், படகடியில் சிக்கி அங்கேயே மாண்டார். வயது 41.

படகு யாருடையது? அந்நாட்டின் பெரிய கடைக் குழுமம் ஒன்றின் தலைவருடையது. அவரும் படகில் இருந்தார். குற்றவாளிக் கூண்டில் ஏறியது யார்? அவரிடம் வேலை செய்த படகுக் கூலி. தான்தான் ஓட்டினேன் என்று அந்தத் தொழிலாளி சொன்னார். நேரில் கண்டவர்கள் அதை மறுத்தார்கள். மெதுவாகத்தான் வந்தோம் என்று படகுக்காரர்கள் தரப்பில் சொன்னதையும் மறுத்தார்கள். தொழிலாளிக்கு 2 வருஷம் 10 மாதம் தண்டனை. அதற்குப் பதிலாக அவர் 1,034 பெசோ அபராதம் கட்டி வெளியே வந்தார். சுமார் 100 டாலர்! ஓர் உயிருக்குக் கோர்ட்டில் விழுந்த விலை இதுதான். கிர்ஸ்டியின் தாயார் நியாயம் கேட்டு நடத்திய இயக்கம் 2009 வரை நீடித்தது. படகின் சொந்தக்காரர் மீது வழக்கு வரவேயில்லை.

இந்தக் கதை நமக்குப் புதிதா? லாரி மோதினால் டிரைவர் உள்ளே, பாய்லர் வெடித்தால் ஃபயர்மேன் மீது பழி. அதே நாடகம்தான் அங்கே கடலில் நடந்தது.

நம் நாட்டுக் கணக்கு

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில், விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை. 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூர் அருகே, மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு அளவுக்கு மீறிய கூட்டத்தோடு இருட்டிய பிறகும் ஓடிக் கவிழ்ந்தது. 22 உயிர்கள். பாதிக்குப் பாதி ஒரே குடும்பத்தார். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தில் வதோதரா ஹர்னி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் பலியானார்கள்.

இவர்கள் படகில் ஏறியவர்கள், நீந்தியவர்கள் அல்ல. இருந்தாலும் வேர் ஒன்றே. ஒரு நடை கூடினால் ஒரு லாபம். பத்துப் பேர் கூடினால் இன்னொரு லாபம். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் படகோட்டி, வேகமாகப் போய் வேகமாகத் திரும்பினால்தான் அன்றைக்கு அடுப்பெரியும். குளிக்கும் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனால் நேரமாகும், எண்ணெய் செலவாகும். அதனால் குறுக்கே ஓட்டுகிறான். படகோட்டியின் கையை முடுக்குவது இந்த லாபக் கணக்கே.

தானூர் சம்பவம் நடந்தபோது கேரளத்தில் இருந்தது இடதுசாரி சர்க்கார். அதற்காக நாம் வாயை மூடிக்கொள்ளலாமா? கூடாது. படகின் சொந்தக்காரர் கைதானார். நீதிபதி விசாரணைக்கு உத்தரவானது. நல்லதுதான். ஆனால் உயிர்கள் போகும் முன்பே அந்தப் படகை யார் நிறுத்தியிருக்க வேண்டும் என்ற கேள்வியை யாருடைய சர்க்காராக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேரைப் பலிகொண்ட படகு, சர்க்கார் சுற்றுலாக் கழகத்தின் படகேதான். சர்க்கார் பெயர் எழுதியிருந்தால் படகு கவிழாது என்று எவரும் நினைக்க வேண்டாம்.

காகிதத்தில் குறைவில்லை. 2017இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஆறு, ஏரி, காயல்களில் ஓடும் கலங்களுக்கு 2021இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. குறை எங்கே? கரையில் நின்று தலையை எண்ணவும், வேகத்தை அளக்கவும், "நிறுத்து" என்று சொல்லவும் போதிய ஆளில்லை. ஆள் போட்டால் சம்பளம் தரவேண்டுமே!

என்ன செய்ய வேண்டும்?

"இப்படிக் கெடுபிடி செய்தால் படகோட்டி பிழைப்பு என்னாவது?" என்று கேட்பார்கள். விபத்துக்குப் பிறகு எல்லாப் படகையும் சில நாள் தடுத்து, படகோட்டியின் வயிற்றில் அடித்துவிட்டு, மறுபடியும் பழையபடி ஓட விடுவதுதான் அவன் பிழைப்புக்கு விரோதம். நாம் கேட்பது தடை அல்ல, ஒழுங்கு.

குளிக்கும் இடத்தை மிதவை கட்டிப் பிரிக்க வேண்டும். படகு வந்து போக ஓரமாகத் தனிப் பாதை வேண்டும். கரையருகே 5 நாட்டுக்கு மேல் கூடாது. ஆள் ஏறி இறங்கும்போது இயந்திரம் நிற்க வேண்டும். ஓட்டுகிறவரைத் தவிர, முன்னே பார்த்துச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் மேலேயே தமிழில் பெரிதாக எழுத வேண்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், குழந்தைக்குக் குழந்தை அளவில் வேண்டும். படகோட்டிக்கு மாதச் சம்பளம் வேண்டும்; நடைக் கூலி ஒழிய வேண்டும். கரையில் காவல் நிற்க, கடலை அறிந்த மீனவ இளைஞர்களை நிரந்தர வேலையில் அமர்த்த வேண்டும். விபத்து நேர்ந்தால் சொந்தக்காரர், கண்டிராக்டர், அனுமதி தந்த அதிகாரி, மூவரும் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இவை கிடைக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். வேன் பிடித்துப் போகும்போது இதையும் பேசிவிட்டுப் போங்கள். படகு கரையேறும் இடத்தில் குளிக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறாதீர்கள். "எத்தனை பேருக்கு லைசென்ஸ்?" என்று ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். இருபது பேர் சேர்ந்து கேட்டால் பதில் வரும். சங்கத்தில் நாம் கற்ற பாடம் இதுதானே! கடற்கரைக்குப் போகும்போது மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா?

மில்லில் இயந்திரத்துக்கு வேலி கேட்டோம், பெற்றோம். நம் பிள்ளைகள் குளிக்கும் நீரிலும் அதையே கேட்போம்.