கூடாரத்திற்கு முன் நிலம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரக் குடும்பங்கள் பல உலு லங்காட், ஜண்டா பாய்க் போன்ற இடங்களுக்கு முகாமிடச் செல்கின்றன. குழந்தைகள் கைப்பேசியை மறந்து ஆற்றையும் மரத்தையும் பார்ப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், கூடாரம் வாங்கும்போது நாம் விலையையும் நிறத்தையும் விசாரிக்கிறோம். அதை எங்கே அமைக்கப் போகிறோம் என்று எண்ணுவதில்லை. சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் முதலில் ஆராய வேண்டியது நிலத்தைத்தான் என்பது என் கருத்து.

2022 டிசம்பர் 16ஆம் நாள், விடிவதற்கு முன், சிலாங்கூர் பத்தாங்காலியில் ஏற்பட்ட நிலச்சரிவு ஒரு முகாமில் உறங்கிக் கொண்டிருந்தவர்களை மூடியது. 31 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அவ்விடத்தில் முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. எவ்வளவு விலையுயர்ந்த கூடாரமும் அந்த மண்ணைத் தடுத்திருக்காது. ஆகவே, பணம் கட்டும் முன் உரிமம் உண்டா என்று கேட்க வேண்டும். மலைச்சரிவின் அடியையும் ஆற்றோரத்தையும் தவிர்க்க வேண்டும். மலையில் பெய்யும் மழையால், நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் ஆறு திடீரெனப் பெருகலாம். தெளிந்த நீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும்.

நிலம் முடிவானபின் கூடாரத்தைப் பார்ப்போம். 'நால்வருக்கு' என்று குறித்திருந்தால், நால்வர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம் என்பதே பொருள். பைகளும் புரண்டு படுக்கும் குழந்தைகளும் இருப்பதால், நால்வர் குடும்பத்திற்கு அறுவர் கூடாரமே ஏற்றது. உள்ளே கொசுவலையும் வெளியே தனி மழைவிரிப்பும் இருந்தால் காற்றோட்டம் கிடைக்கும். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்து அங்காடிக் கடைகளின் தார்ப்பாய்களைக் கவனித்திருப்பீர்கள். இழுத்துச் சாய்வாகக் கட்டியதில் மழைநீர் வழிந்தோடும், தொய்ந்ததில் தேங்கும். கூடாரத்தின் மழைவிரிப்புக்கும் இதே பாடம் பொருந்தும். தரைவிரிப்பு கூடாரத்தைவிட வெளியே நீளக்கூடாது; நீண்டால் மழைநீர் அடியில் சேரும்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் வீட்டு முற்றத்திலோ அருகிலுள்ள திடலிலோ கூடாரத்தை ஒருமுறை அமைத்துப் பாருங்கள். குழாய் நீரைப் பீய்ச்சினால் எந்தத் தையலில் ஒழுகுகிறது என்பது தெரிந்துவிடும். முளைகளையும் கயிறுகளையும் எண்ணி வையுங்கள். தம்பி தங்கையர் இருட்டிலும் கதவின் இழுவையைத் திறக்கப் பழகட்டும். கூடாரத்தினுள் அடுப்பு மூட்டவே கூடாது. அதன் நச்சுவாயுவுக்கு மணம் இல்லை.

“இத்தனையும் பார்த்தால் விடுமுறையின் மகிழ்ச்சியே போய்விடும். பாதுகாப்பு முகாம் நடத்துவோரின் பொறுப்பு” என்பர் சிலர். அவர்களுக்குப் பொறுப்பு உண்டு, ஐயமில்லை. ஆனால், நள்ளிரவில் உறங்கும் குழந்தை ஆற்றின் ஓசை மாறுவதை அறியாது. அதற்காக விழித்திருக்க வேண்டியவர்கள் உடன் படுத்திருக்கும் பெரியவர்களே. ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு மாலை நேர ஒத்திகையும் பெரிய சுமையல்ல. அவற்றைச் செய்து முடித்த குடும்பமே, கூரைமேல் விழும் மழையின் ஓசையைக் குழந்தைகளோடு அச்சமின்றிக் கேட்டு மகிழ முடியும்.