படத்தை நீக்க வச்சுட்டீங்க. அந்தக் குழியை?

1/ எங்க சோழவந்தான் பசங்க நாலு பேர் செல்போன்லயே எட்டு நிமிஷக் குறும்படம் ஒன்று எடுத்தார்கள். மலக்குழியில் இறங்கும் அப்பா. அவர் என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் சொல்ல முடியாத மகள். விஷவாயு பற்றிக் கேட்க என் கிளினிக்குக்கு வந்தார்கள். நல்ல படம். யூடியூபில் போட்ட மூன்றாம் நாள் காணோம். "ஊர் மானம் போகுதுன்னு வீட்ல வந்து சத்தம் போட்டாங்க சார். நீக்கிட்டோம்."

2/ மானமா? மனுஷனை மலத்துக்குள்ள இறக்கும்போது போகாத மானம், அதைப் படம் எடுத்தா மட்டும் போயிடுமா? சத்தம் போட்ட பெரியவங்களே, இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

3/ இது புதுசும் இல்லை. 2015-ல் மதுரையில் இரண்டு தொழிலாளர்கள் கழிவுநீர்த் தொட்டியில் இறந்தார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம். 2017-ல் வெளியானது. திரையிடப் பல இடங்களில் போலீஸ் அனுமதி மறுத்தது. போன் முழுக்க மிரட்டலும் ஆபாசமும். அதே ஆண்டு ஜூலையில் அவரைக் கைது செய்தார்கள். எந்த வழக்கில்? 2009-ல் மாணவியாக இருந்தபோது கலந்துகொண்ட போராட்டத்துக்கான வழக்கில்!

4/ இப்போ டாக்டரா பேசுறேன். மலக்குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் முகரும் நரம்பே மரத்துப்போகும். அதாவது, "நாத்தம் கொறைஞ்சிருச்சு, இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம்.

5/ இன்னும் கூடினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். சயனைடு போலவே, செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாமல் தடுத்துவிடும். இதற்கு உறுதியான மாற்று மருந்து எங்களிடம் கிடையாது. மூக்கில் கட்டிய துண்டு, கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க் எதுவும் வாயுவைத் தடுக்காது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும், வெடிக்கும்.

6/ ஒருத்தர் விழுந்ததும் அண்ணனோ தம்பியோ காப்பாற்றக் குதிப்பார். அவரும் விழுவார். செய்தியில் 'இருவர் பலி', 'மூவர் பலி' என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான். பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரே குழியிலிருந்து வந்த இரண்டு உடல்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே நின்ற பெண் ஒருவருக்குத்தான் உறவு இல்லை. ஒருவருக்கு மனைவி, இன்னொருவருக்கு அக்கா.

7/ "அவரா விரும்பித்தானே வர்றாரு? காசு குடுக்குறோம்ல?" அப்படியா? அதே காசு தர்றேன், உங்க மகனை இறக்குவீங்களா? காலங்காலமா ஒரே சாதிக்காரங்க மட்டும் எப்படிங்க 'விரும்பி' வர்றாங்க? வேற வேலை கேட்டால் தராத ஊர், இந்த வேலைக்கு மட்டும் வீடு தேடிப்போய்க் கூப்பிடுதே. இதுக்குப் பேர் விருப்பம் இல்லை, நெருக்கடி.

8/ சட்டம் தெளிவாக இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் மலக்குழிக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறை என்றாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கான்ட்ராக்டருக்கு மட்டும் இல்லை; வீட்டுக்காரருக்கும்தான். சாக்கடைக் குழி மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிர் போன பிறகு கிடைக்கும் பணம் அது.

9/ செய்ய வேண்டியது: தொட்டி நிறைந்தால் ஆளைத் தேடாதீர்கள், உறிஞ்சும் லாரியைத் தேடுங்கள். 14420-க்குக் கூப்பிடுங்கள், அல்லது பேரூராட்சியில் கேளுங்கள். சந்து குறுகல், லாரி வராது என்றால் நீளமான குழாய் கேளுங்கள். அடைப்பு எடுக்க 'சும்மா அஞ்சு நிமிஷம்' என்றுகூட யாரையும் இறக்காதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்காமல் 101, 108-ஐ உடனே அழையுங்கள்.

10/ வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா. வீடு நிறைய விருந்தாளிகள் வருவார்கள். தொட்டியும் நிறையும். அப்போது யாருக்குப் போன் போடுவீர்கள் என்பதை இன்றைக்கே முடிவு பண்ணுங்க.

11/ தம்பிகளா, படத்தைத் திரும்பப் போடுங்க. வீட்டில் யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடுங்க. நான் பேசிக்கிறேன்.