பெரியப்பாவின் பாங்கிப் புஸ்தகம்

நமது பெரியப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காலைக் காப்பியுடன் தினசரியைக் கையில் எடுத்தாரானால், முதல் பக்கத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து அச்சகத்தின் விலாசம் வரையில் படித்து முடித்த பிறகே ஸ்நானத்துக்கு எழுந்திருப்பார். இரண்டு வருஷங்களுக்கு முன் அந்த வழக்கம் நின்றது. விழித்திரையின் நடுப்பாகம் மூப்பினால் பழுதடைந்துவிட்டது, இனி மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அதன் பின் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. கூடத்தின் ஓரத்தில் உருண்டோடிய ரூபாய்க் காசைப் பெரியப்பா குனிந்து எடுத்துக் கொடுப்பார், எதிரே வந்து நின்ற நம்மைப் பார்த்து, "யாரப்பா அது?" என்பார். "வேண்டியது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது போலிருக்கிறது" என்று சமையலறையில் பேச்சு எழுந்தது. நாமும் ஒரு தடவை அவ்வாறு நினைத்ததுண்டு, மறைப்பானேன்?

உண்மையில் அவர் பொய் சொல்லவில்லை. விழித்திரையின் நடுப்பாகமே முகத்தையும் எழுத்தையும் நுட்பமாகக் காட்டுவது. அது கெட்டாலும் ஓரப் பார்வை நிற்கும். ஆகையால் சுவரோரத்துக் காசு தென்படும். நேரே உள்ள முகம் மங்கிப்போகும். கண்ணழுத்த நோயிலோ பெரும்பாலும் இதற்கு நேர் மாறாக ஓரப் பார்வை முதலில் போகும். முற்றிய நிலையில் குழாய் வழியே பார்ப்பதுபோல நடு மாத்திரம் மிஞ்சும். அப்படிப்பட்டவர் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, எழுந்து நடக்கையில் நாற்காலியில் முட்டிக் கொள்வார். அவரையும் உலகம் சந்தேகிக்கும்!

குருடு என்றும் பார்வை என்றும் இரண்டே ஜாதி உண்டென்று நாம் எண்ணியிருக்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள குறைபார்வையை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் வருஷத்துச் சட்டம் தனி வகையாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறது. தக்க கண்ணாடி அணிந்த பிறகும், பிறர் 18 மீட்டரிலிருந்து காண்பதை 6 மீட்டருக்கு வந்தால்தான் காண முடியும் என்ற நிலையிலிருந்து, 60 மீட்டரில் தெரிவதை 3 மீட்டரில்தான் காண முடியும் என்ற நிலை வரையில் அவ்வகையில் அடங்கும். பார்வையின் பரப்பு 40 பாகைக்குக் குறுகி, 10 பாகை வரை சுருங்கியவர்களும் அதில் சேர்ந்தவர்களே.

பெரியப்பாவுக்கு முதலில் ஒரு நல்ல பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அதிலே ஒரு சங்கடம். ஐந்து மடங்கு பெரிதாக்கும் வில்லையைத் தாளிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டரில் அசையாமல் பிடிக்க வேண்டும். சக்தி ஏற ஏற வில்லை சிறுக்கும், தூரமும் குறையும். கடைசியில் கிழவரின் மூக்கு தாளைத் தொடும், தலையின் நிழல் எழுத்தின் மேல் விழும், கையோ நடுங்கும். நாலு நாளில் பூதக்கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது.

பின்னரே ஒரு சிநேகிதர் மூலம் மின்னணுப் பூதக்கண்ணாடியைப் பற்றி அறிந்தோம். உள்ளங்கையில் அடங்கும் பலகை. அடியில் ஒரு சிறு காமிரா, பக்கத்தில் விளக்குகள், மேலே திரை. தாளின் மேல் வைத்தால் எழுத்து திரையில் பெரிதாகத் தோன்றும். குனிய வேண்டாம், நிழலும் விழாது. ஆனால் இதன் மெய்யான உபகாரம் பெரிதாக்குவது மாத்திரமன்று. குறைபார்வையுள்ளவர் பலருக்கு வெள்ளைத் தாளின் ஒளியே கூசும். ஒரு விசையை அழுத்தினால் தாள் கறுத்து எழுத்து வெளுக்கும். இன்னொரு தரம் அழுத்தினால் எழுத்து மஞ்சளாகும். மங்கிய அச்சும் மை பூசியதுபோல் எடுப்பாகிவிடும். இந்த வித்தையை எந்தக் கண்ணாடி வில்லையும் செய்யாது. மற்றொரு விசை, கண்ட காட்சியை அப்படியே நிறுத்தி வைக்கும். எட்டாத உயரத்திலுள்ள மின்சார மீட்டரின் முன் கருவியை நீட்டி, காட்சியை நிறுத்தி, பிறகு சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்து எண்களைப் படிக்கலாம்.

தமிழ் படிப்பவருக்கு இது எவ்வளவு அவசியம் என்பதை உபாத்தியாயராகிய நாம் சொல்லாமல் இருக்கலாகாது. நம் எழுத்திலே ஒரு புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகிவிடும். ஒரு சிறு சுழி தெரியாவிட்டால் 'வீடு' 'விடு' ஆகிவிடும். பத்திரத்தில் இவ்விதம் நேர்ந்தால் வீட்டையே விட வேண்டியதுதான்!

இவ்வெண்ணம் புதிதன்று. டெலிவிஷனைக் கொண்டு படிக்கும் கருவியொன்றைப் பற்றி அமெரிக்கக் கண் வைத்தியர்கள் 1959-லேயே எழுதியிருக்கிறார்கள். 1960-களின் பிற்பகுதியில், கலிபோர்னியாவில் ராண்ட் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸாமுவேல் ஜெனென்ஸ்கி என்னும் கணித நிபுணர், தோழர்களுடன் சேர்ந்து அதைக் காரியத்துக்கு உதவும்படி செய்தார். அவரே குறைபார்வையுள்ளவர், தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டார் என்றும் சொல்லலாம். அன்று மேஜையை அடைத்துக்கொண்ட சாமான் இன்று சட்டைப் பைக்கு வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. ஐந்து அங்குலத் திரையின் அகலம் சுமார் 11 சென்டிமீட்டர். பத்து மடங்கு பெரிதாக்கினால், வரியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் அதில் அடங்கும். தினசரியின் அச்சில் மூன்று நான்கு எழுத்துக்கள். கருவியை வரியின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும்; வரி தவறினால் கதையும் தவறும். ஆதலால் எவ்வளவு குறைந்த பெருக்கத்தில் படிக்க முடியுமோ அதுவே உத்தமம். இதற்குச் சில வாரப் பழக்கம் வேண்டும். விலையோ சில ஆயிரத்திலிருந்து பல்லாயிரம் ரூபாய் வரையில் போகிறது. குறைபார்வைக்கென்று தனிப் பகுதி நடத்தும் கண் ஆஸ்பத்திரியில் காட்டி, உங்கள் வீட்டுப் புஸ்தகத்தையே கொண்டுபோய்ப் படித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். 2016 முதல் ஐபோனிலேயே உருப்பெருக்கி ஒன்று அமைந்து வருகிறது. மற்றக் கைப்பேசிகளுக்கும் இலவசமாகக் கிடைப்பவை உண்டு. முதலில் அதைச் சோதிப்பது பணத்துக்கு நல்லது. ஆயினும் வழவழப்பான கைப்பேசியில் விசையைத் தேடுவதைவிட, தடவிப் பார்த்தாலே அகப்படும் பெரிய பொத்தான்கள் பெரியப்பாவுக்குச் சௌகரியமாயிருந்தன.

கருவி வந்த அன்று அவர் பாகவதத்தை எடுப்பார் என்று எதிர்பார்த்தோம். "அந்தப் பாங்கிப் புஸ்தகத்தைக் கொண்டு வா" என்றார். இரண்டு வருஷமாகப் பிறர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர் அல்லவா? ஒரு மணி நேரம் ஒருவரோடும் பேசாமல், வரி வரியாகப் பார்த்தார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று மூடி வைத்தபோது அவர் முகத்தில் கண்ட தெளிவை வெகு நாட்களாக நாம் பார்த்ததில்லை.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. பதினைந்து வருஷங்களுக்கு முன் நம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். புஸ்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு படிப்பான். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று பெஞ்சியின் மேல் ஏற்றி நிறுத்தினோம். ஒரு தடவை அல்ல, பல தடவை. புஸ்தகத்தைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் எழுத்து இரண்டு மடங்காகத் தெரியும். அதனால் கண் கெடுவதுமில்லை. தன்னிடம் இருந்த ஒரே உருப்பெருக்கியை அவன் உபயோகித்தான். அதற்குத் தண்டனை பெற்றான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது எங்கே இருக்கிறானோ?

இவ்வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், தொலைவிலுள்ளதையும் காட்டும் கருவியொன்றை வைத்திருக்கிறாள். இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் எறும்பின் காலைப் பார்ப்பதற்கு அதை இரவல் கேட்கிறார்கள். வாடகை, ஆளுக்கு ஒரு நெல்லிக்காய். சென்ற வாரம் கரும்பலகையின் பக்கம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸார், உங்கள் 'ழ'வும் 'மு'வும் ஒன்றாகவே இருக்கின்றன" என்றாள். அழித்துவிட்டு மறுபடி எழுதினோம்.