அறுபத்து நான்கு சதவீதம் போதுமா?

எகிப்தின் புதிய அரசியல் சாசனம் மீதான 2012 டிசம்பர் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். அதன் பிறகும் தெருவில் இறங்கியவர்கள் தோல்வியை ஏற்கத் தெரியாதவர்கள் என்பது வாதம். ஆனால் வாக்களிக்க வந்தவர்களே மூவரில் ஒருவர்தான். ஆகப் பதிவான வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் சொன்ன 'ஆம்' அது. தலைநகர் கெய்ரோ 'இல்லை' என்றது. வராதவர்களை எதிர்ப்பாளர் கணக்கில் சேர்க்க முடியாது என்பீர்கள். சரி, சேர்க்க வேண்டாம். ஆதரவுக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். நவம்பர் 22 அன்று அதிபர் முர்சி தன் ஆணைகளை நீதிமன்றம் தொட முடியாதபடி செய்தார். தாராளவாதிகளும் கிறித்தவ உறுப்பினர்களும் வெளியேறிவிட்ட அரசியல் நிர்ணய சபை, விடிய விடிய உட்கார்ந்து வரைவை முடித்தது. 236 பிரிவுகளைப் படித்து விவாதிக்க மக்களுக்குக் கிடைத்தது இரண்டே வாரம். நீதிபதிகளில் பலர் மேற்பார்வையிட மறுத்ததால் வாக்கெடுப்பையே இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. கோபம் எண்ணிக்கையின் மீதல்ல, இந்த அவசரத்தின் மீது. தேர்தலில் தோற்றவருக்கு அடுத்த தேர்தல் உண்டு. அரசியல் சாசனமோ அந்த அடுத்த தேர்தலின் விதிகளையே எழுதுகிறது.

இப்படிப் பேசித்தான் 2013இல் முர்சியை அகற்றிய ராணுவத்துக்கு வழிவிட்டீர்கள் என்ற குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எதிர்ப்பாளர்களில் பலர் டாங்கிகளைக் கைதட்டி வரவேற்றது உண்மை. ஆனால் அது அவர்களுடைய வழுக்கல், வாதத்தின் வழுக்கல் அல்ல. 2014 ஜனவரியில் ராணுவ நிழலில் நடந்த அடுத்த சாசன வாக்கெடுப்பு 98 சதவீத 'ஆம்' காட்டியது. வந்தவர்கள் 39 சதவீதத்துக்கும் குறைவு, 'இல்லை' என்று சுவரொட்டி ஒட்டியவர்கள் கைதானார்கள். சதவீதம் மட்டுமே போதுமென்றால் முதலில் இந்த 98ஐ அல்லவா நீங்கள் கும்பிட வேண்டும்?