நீதான் தப்பா எடுத்துக்கிட்ட!

மக்களே, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வாக்கியம் எதுன்னு கேட்டா யோசிக்காம சொல்வேன். "நான் சாதாரணமாத்தான் மெசேஜ் போட்டேன், நீதான் தப்பா எடுத்துக்கிட்ட." ஒருத்தர் மனசைப் புண்படுத்திட்டு, அந்தப் பழியையும் அவர் கணக்குலயே பற்று எழுதுற வித்தை இது. பி.காம். படிக்கிற ஆளுங்கிற முறையில சொல்றேன், இது கள்ளக்கணக்கு.

ஏன்னு பாப்போம். நாம டைப் பண்ணும்போது நம்ம குரல் நமக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. சிரிச்சுக்கிட்டே எழுதுறோம்னு நமக்குத் தெரியும். வாசிக்கிறவருக்குக் கிடைக்கிறது வெறும் எழுத்துதான். 1990-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல எலிசபெத் நியூட்டன்னு ஒரு மாணவி ஒரு சோதனை பண்ணாங்க. ஒருத்தர் பிரபலமான பாட்டோட தாளத்தை மேஜையில விரலால தட்டணும், இன்னொருத்தர் என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கணும். பாதிப் பாட்டையாவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு தட்டினவங்க நம்பினாங்க. கண்டுபிடிச்சது 120-க்கு வெறும் 3! தட்டுறவர் மண்டைக்குள்ள முழுப் பாட்டும் ஓடுது, கேக்கிறவருக்கு 'டொக் டொக்' மட்டும்தான்.

2005-ல க்ரூகர், எப்லி குழுவினர் இதையே மின்னஞ்சல்ல சோதிச்சுப் பாத்தாங்க. நக்கலா, சீரியஸான்னு வாசிக்கிறவங்க 78 சதவீதம் சரியா புரிஞ்சுக்குவாங்கன்னு எழுதினவங்க கணிச்சாங்க. நிஜத்துல வந்தது 56. அதையே குரல்ல சொன்னப்ப 73. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வருமே சாமி! அப்புறம் எப்படி வாசிச்சவர் மேல பழி போடுறீங்க?

"சுருக்கமா எழுதிப் பழகிட்டேன்"னு ஒரு சாக்கு உண்டு. எஸ்எம்எஸ் காலத்துல அதுல நியாயம் இருந்துச்சு. ஒரு செய்திக்கு ஆங்கிலத்துல 160 எழுத்து, தமிழ்ல அடிச்சா 70 குறியீடுதான். தாண்டினா இன்னொரு செய்திக்குக் காசு. இப்ப அந்தக் கட்டணமும் இல்ல, அளவும் இல்ல. கஞ்சத்தனம் மட்டும் போகல. நீங்க மிச்சம் பிடிக்கிறது ரெண்டு செகண்டு. அந்தச் செலவை ராத்திரி தூங்காம ஏத்துக்கிறது வாசிக்கிறவர்.

தூக்கம் மட்டும் போனா பரவாயில்ல. போன செமஸ்டர்ல எங்க வகுப்பு வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தன் கேட்டான், "எக்ஸாம் ஃபீஸ் கட்ட கடைசி தேதி எப்ப?" வந்த பதில், "நோட்டீஸ் போர்டு பாக்க மாட்டியா". போட்டவர் கிண்டலாத்தான் போட்டிருப்பார். கேட்டவன் தமிழ் மீடியத்துல படிச்சு, அவங்க வீட்டுலயே முதல்முதலா கல்லூரிக்கு வந்தவன். அதுக்கப்புறம் குழுவுல வாயே திறக்கல. தேதி போயிடுச்சு, அபராதத்தோட கட்டினான். அது அவங்க அம்மாவோட கூலிக் காசு. அவனுக்கும் கடைசியில கிடைச்சது அதே வாக்கியம்தான்: "நீதான் தப்பா எடுத்துக்கிட்ட."

"ஒரு ஸ்மைலி போட்டா சரியாயிடும்"னு சொல்றவங்களுக்கு: 1982 செப்டம்பர் 19-ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல ஸ்காட் ஃபால்மன் :-) போடலாம்னு யோசனை சொன்னது ஜோக்கை ஜோக்குன்னு காட்டத்தான். குத்தலா எழுதிட்டு மேல ஸ்மைலி ஒட்டுறது, கருகின தோசை மேல நெய் ஊத்தி மறைக்கிற கதை. வாங்கிக்கிட்டவர் கோபப்படவும் முடியாது.

இத்தனைக்கும் நம்ம தமிழ்ல தொனி சொல்லுக்குள்ளயே இருக்கு. 'வா', 'வாயேன்', 'வாப்பா', 'வந்துடுங்களேன்' எல்லாம் ஒண்ணா? ஏகாரத்துக்கு மட்டும் 5 பொருள் சொல்லுது தொல்காப்பியம். அப்படிப்பட்ட மொழியை வச்சுக்கிட்டு 'கே'ன்னு ஒத்தை எழுத்துல பதில் போடுறோம். "ஏன் வரல?"ன்னா போலீஸ் விசாரணை. "ஏன் வரல, உடம்பு சரியில்லையா?"ன்னா நண்பன். கூடுதலா ரெண்டே ரெண்டு வார்த்தை.

"இப்படிப் பாத்துப் பாத்து எழுதணும்னா நட்பு எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நெருங்கின நண்பன்கிட்ட எப்படி வேணா எழுதுங்க, அவன் காதுல உங்க குரல் இருக்கு. அறுபது பேர் இருக்கிற குழுவுல அது கிடையாது. அங்க கொஞ்சம் நீட்டி எழுதுங்க. திட்டணும்னா போன் போட்டுத் திட்டுங்க. "வலிச்சுது"ன்னு ஒருத்தர் சொன்னா வாதாடாம, "நான் சொல்ல வந்தது இது"ன்னு சொல்லிட்டுப் போங்க.

அடுத்த தடவை குழுவுல யாராவது தேதி கேட்டா, தயவுசெஞ்சு தேதியைச் சொல்லுங்க. "நோட்டீஸ் போர்டு பாக்க மாட்டியா"ன்னு அடிக்கிறதை விட அது சின்னது!