கருணைக்கும் கணக்கு வேண்டும்!

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள் சில கனவான்கள். குஜராத்தில் ஜாம்நகர் அருகே அம்பானி குடும்பத்தார் நடத்தும் 'வந்தாரா' என்ற மிருக மீட்பு நிலையத்தைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும். "அநாதை யானைக்குச் சோறு போடுகிறவரையா குறை சொல்வது? உங்களுக்கு இரக்கமே கிடையாதா?" என்று பாய்ந்து வருகிறார்கள்.

இரக்கம் நமக்கும் உண்டு, கனவான்களே! ஆனால் பழமொழியைச் சரியாகச் சொல்லுங்கள். மாட்டை நமக்குத் தானமாகக் கொடுத்தால் பல்லைப் பார்க்க வேண்டாம், சரி. இங்கே மாடு நம்மிடம் வரவில்லை. நம்மிடமிருந்து போகிறது! போகிற மாட்டை எங்கே கட்டுகிறார்கள், என்ன போடுகிறார்கள் என்று கேட்பதா குற்றம்?

கோலாப்பூர் ஜில்லாவில் நாந்தணி என்ற ஊர். அங்குள்ள சமண மடத்தில் பல்லாண்டுகள் இருந்த மகாதேவி என்ற யானையை, காலில் புண், பராமரிப்பு போதாது என்ற புகாரின் பேரில், 2025 ஜூலையில் பம்பாய் ஹைகோர்ட் வந்தாராவுக்கு அனுப்ப உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. மடத்துச் சங்கிலி தர்மச் சங்கிலி என்று நாம் வாதாட வரவில்லை. யானையின் நலமே முதன்மை என்பதில் நமக்குத் தகராறு இல்லை. நமது கேள்வி வேறு. புண்பட்ட யானைக்குப் புகலிடம் என்றால் அது ஏன் ஒரு கோடீஸ்வரர் வீட்டுக் கொல்லையாக இருக்க வேண்டும்? நமது திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையே யானை மீட்பு மையம் நடத்தவில்லையா? மராட்டிய சர்க்காருக்கு அது ஏன் முடியவில்லை?

ஆகஸ்டில் நாந்தணி மக்கள் ஆயிரக்கணக்கில் கோலாப்பூருக்கு நடந்தே சென்றார்கள். முதலாளியின் செல்போன் கம்பெனியைப் பகிஷ்கரித்தார்கள். அதன் பிறகுதான், யானை திரும்புவதற்கு ஒத்துழைப்போம், நாந்தணி வட்டாரத்திலேயே மையம் அமைக்கத் தயார் என்று வந்தாரா அறிவித்தது. கேட்டால்தான் கதவு திறக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அடுத்து, விசாரணை. 2025 ஆகஸ்டு 25-ல் சுப்ரீம் கோர்ட், முன்னாள் நீதிபதி செலமேஸ்வர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. செப்டம்பர் 12-ல் குழு அறிக்கை கொடுத்தது. சட்டமீறல் இல்லை என்ற முடிவைக் கோர்ட்டும் 15-ந் தேதி ஏற்றுக்கொண்டது. அதை நாம் திரித்துக் கூறப் போவதில்லை. ஆனால் சுருக்கம்தான் வெளிவந்தது. முழு அறிக்கைக்கு முத்திரை! வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு அதன் பிரதி நிலையத்தாருக்குக் கிடைக்கும், பொதுஜனங்களுக்குக் கிடைக்காது. நற்சாட்சிப் பத்திரத்தை யாராவது பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களா? ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜீவன்கள் உள்ள இடம் என்று அவர்களே சொல்கிறார்கள். அத்தனை உயிர்களின் வரவு, பிறப்பு, சாவு ஆகியவற்றை ஒரே ஒரு விசாரணை நிரந்தரமாகக் கண்காணித்துவிடுமா?

அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் செயலகமும் அதே ஆண்டு நேரில் வந்து பார்த்தது. வசதிகளைப் பாராட்டியது. அதே சமயம், இறக்குமதி அனுமதிகளை நன்கு சரிபார்க்கும் ஏற்பாடு வரும்வரை புதிய அனுமதி கொடுக்க வேண்டாம் என்றும் சிபாரிசு செய்தது. நவம்பரில் சமர்க்கண்டில் கூடிய நிலைக்குழு அந்தச் சிபாரிசை ஏற்கவில்லை. சிபாரிசு போயிற்று, கேள்வி போய்விட்டதா?

கோடீஸ்வரரை மட்டும்தான் சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் நமது ஜில்லாவில் ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போயிருந்தேன். நன்கொடை நோட்டீசில் வழவழப்பான படங்கள். உள்ளே, நிற்க இடமில்லாத கூண்டுகள். ஒன்றையொன்று கடித்துக்கொண்ட புண்கள். கூண்டு கழுவும் அம்மாளின் முழங்கையில் கடித்த தழும்பு. "ஊசி போட்டாங்களாம்மா?" என்றேன். "கேட்டா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்பாங்க, தோழர்" என்றார். எத்தனை நாய் வந்தது, எத்தனை செத்தது என்று பதிவேடு கேட்டேன். "எல்லாம் எங்க மனசிலே இருக்கு சார்" என்றார் நிர்வாகி!

மனசில் இருக்கும் கணக்கை எந்தத் தணிக்கையாளர் பார்ப்பார்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அன்று 10 ரூபாய் ஒரு தொகை. இன்று அது ஒரு டீக்குக் காணாது. 1962-ல் ருக்மணி தேவி அருண்டேல் தலைமையில் சென்னையில் தொடங்கிய பிராணிகள் நல வாரியம், 2018-ல் ஹரியானாவில் உள்ள பல்லப்கருக்குப் பெயர்ந்தது. இடம் மாறியது, இயல்பு மாறவில்லை. அடிப்படையில் அது ஆலோசனை சொல்லும் வாரியம்; தண்டிக்கும் வாரியம் அல்ல.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. பெரிய இடமானாலும் சின்ன இடமானாலும், ஒவ்வொரு மீட்பு நிலையமும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். எங்கிருந்து வந்தது, எப்போது செத்தது, ஏன் செத்தது என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகிரங்கமாக வெளியிட வேண்டும். முன்னறிவிப்பின்றி உள்ளே நுழையும் அதிகாரத்தோடு கால்நடை மருத்துவர்கள், விஞ்ஞானிகள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், அங்கு உழைக்கும் தொழிலாளர் பிரதிநிதிகள் கொண்ட நிரந்தரக் குழு வேண்டும். பாகன்களுக்கும் கூண்டு கழுவுகிறவர்களுக்கும் நியாயமான சம்பளம், தடுப்பூசி, இன்ஷூரன்ஸ் வேண்டும். பத்து ரூபாய் அபராதம் ஒழிய வேண்டும். வந்தாரா பற்றிய முழு அறிக்கை வெளிவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கார் தன் சொந்தக் காப்பகங்களையும் கால்நடை ஆஸ்பத்திரிகளையும் பெருக்க வேண்டும்.

வாயில்லா ஜீவன் புகார் மனு எழுதாது. அதற்காக நாம்தான் கேட்க வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் செய்வோம். சொத்தைப் பல் இல்லையென்றால், வாயைத் திறக்க என்ன பயம்?