நாபோத்தின் தோட்டமும் பஞ்சமி நிலமும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் தேவாலயம் இல்லாத ஊர் குறைவு. அவற்றில் ஞாயிறுதோறும் கூடுவோரில் கணிசமானோர் தலித் மக்கள். விவிலியத்தில் 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரம் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால், யேசபேல் என்ற கெட்ட அரசியின் கதையாகத்தான் பெரும்பாலும் அது பிரசங்கிக்கப்படுகிறது. உண்மையில் அது ஒரு நில அபகரிப்பு வழக்கு.

யெஸ்ரயேல் ஊரில் நாபோத் என்பவருக்கு அரண்மனையை ஒட்டி ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. கீரைத் தோட்டம் போட அதை அரசன் ஆகாப் கேட்டான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்றான். முன்னோர் வழிவந்த நிலத்தைக் கொடுக்க முடியாது என்று நாபோத் மறுத்துவிட்டார். அரசி யேசபேல், அரசன் பெயரில் கடிதம் எழுதி, அரசனின் முத்திரையையே இட்டு, நாபோத்தின் ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் உபவாசம் அறிவித்தார்கள். இரண்டு பொய்ச் சாட்சிகளை நிறுத்தினார்கள். நாபோத்தை ஊருக்கு வெளியே கல்லெறிந்து கொன்றார்கள்.

இந்தக் கதையை வாசிக்க நம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், இங்குள்ள தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். உழுபவருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூடக் கிடைக்காதபடி மிராசுதார் முறை எப்படித் தடுக்கிறது என்பதை அது எடுத்துக்காட்டியது. அடிமைநிலையில் வாழ்ந்த மக்களின் துயரத்தை இப்பகுதியில் பணியாற்றிய மிஷனரிகளும் அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார்கள். அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. முதல் பத்து ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். கிராமங்களில் இதை ‘கண்டிஷன் பட்டா’, ‘டி.சி. நிலம்’ என்பார்கள்.

லேவியராகமம் 25ஆம் அதிகாரமும் இதே போன்ற ஒரு நிபந்தனையைத்தான் விதிக்கிறது. நிலம் என்றென்றைக்குமாக விற்கப்படக் கூடாது. வறுமையால் விற்றவர் மீட்டுக்கொள்ளலாம். முடியாவிட்டால் ஐம்பதாம் ஆண்டில் நிலம் அவரிடமே திரும்ப வேண்டும். ஏழையின் கையெழுத்தை வறுமை எளிதாக வாங்கிவிடும் என்பதை அந்தச் சட்டம் அறிந்திருந்தது.

நம் ஊரில் அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது? கல்யாணக் கடனுக்கும் மருத்துவச் செலவுக்கும் ஈடாகக் கைநாட்டு வாங்கினார்கள். ‘பவர்’ எழுதி வாங்கினார்கள். பினாமி பெயரில் பதிந்தார்கள். 1980களின் யு.டி.ஆர். பதிவு மாற்றத்தின்போது நிபந்தனைக் குறிப்பே மறைந்து, வேறு பெயர்கள் ஏறின என்ற புகார் பல கிராமங்களில் உண்டு. யேசபேலின் கடிதத்திலும் முத்திரை சரியாகத்தான் இருந்தது. ஆவணம் சரியாக இருப்பதும் நியாயம் இருப்பதும் ஒன்றல்ல.

1994ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. இருவர் உயிரிழந்தனர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், மற்றவர் பெயர் ஏழுமலை. இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நிலம் இழந்தவர்களின் வழக்கு எந்த ஒரு மதத்துக்குள்ளும் அடங்குவதில்லை.

‘நாபோத்தினுடையது பரம்பரைச் சொத்து, பஞ்சமி நிலம் வெள்ளைக்காரன் கொடுத்தது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால், தலைமுறை தலைமுறையாகக் காடு திருத்தி, ஏரிக்கரை போட்டு, சேற்றில் நின்றவர்களுக்குப் பரம்பரைப் பட்டா ஏன் இல்லாமல் போனது என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1892இல் கிடைத்தது தானம் அல்ல, பிந்தி வந்த ஒரு சிறு பங்கு.

கதையில் நம்மை அதிகம் உறுத்த வேண்டியவர்கள் ஊர்ப் பெரியவர்கள்தான். நாபோத்தை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவராவது கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் சதி அங்கேயே தடைப்பட்டிருக்கலாம். ஒருவரும் அனுப்பவில்லை. கொலைக்கு முகமூடியாக உபவாசத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. பிற சமயங்களோடு கிறிஸ்தவத்துக்கு என்ன உறவு என்பதே அங்கே பெரிய விவாதமாக இருந்தது. தலித் மக்களின் பாடுகளிலிருந்து விவிலியத்தை வாசிக்கும் தலித் இறையியல் 1980களில்தான் அரவிந்த் நிர்மல் போன்றவர்களால் உருப்பெற்றது. அந்த வாசிப்பு இறையியல் கல்லூரி வகுப்பறையைத் தாண்டி நம் ஆலயங்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. வீட்டுமனை விலை ஏறிக்கொண்டே போகும் இந்தப் புறநகரில், உபவாசக் கூட்டம் நடத்திவிட்டு நிலத்தைப் பற்றிப் பேசாத சபை, யெஸ்ரயேல் பெரியவர்களின் வரிசையில்தான் நிற்கிறது.

எலியா ஆகாபைச் சந்தித்தது அரண்மனையில் அல்ல, பறிக்கப்பட்ட அதே தோட்டத்தில். கடிதம் எழுதியது நானில்லை என்று அரசன் தப்பிக்க முடியவில்லை. பலன் அடைந்தவனும் பொறுப்பாளி என்றார் தீர்க்கதரிசி.

நாமும் நிலத்துக்கே போக வேண்டும். உங்கள் ஊரின் அ-பதிவேட்டைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வட்டாட்சியரிடம் கேளுங்கள். வில்லங்கச் சான்று எடுத்து, நிலம் யார் கைக்கு எப்போது மாறியது என்று குறித்துவையுங்கள். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய செட்டில்மென்ட் பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஊர்ப் பெரியவர்களுக்கு அவை புரிவதில்லை. தாம்பரம் வட்டாரக் கல்லூரிகளில் படிக்கும் முதல் தலைமுறை மாணவர்களே, அந்த வேலை உங்களுடையது. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு சர்வே எண்ணையாவது தேடிப் பாருங்கள். கிடைத்ததை ஆலயத்திலும் கிராம சபையிலும் உரக்கப் படியுங்கள்.